முழுக்கைச் சட்டைக்குள் இருக்கும் புண்

அன்புள்ள டாக்டர்,

என் தம்பிக்கு 26 வயது. வலி மாத்திரையைப் பொடித்துக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறான் என்று சமீபத்தில்தான் தெரிந்தது. எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவான். தூங்கும்போது பார்த்தேன், கை நெடுக கறுப்புக் கோடுகள், அங்கங்கே வட்டக் குழிகள். கெண்டைக்காலில் ஒரு புண் மாதக்கணக்கில் ஆறாமல் கிடக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், “அவங்க பார்க்கிற பார்வையை என்னால தாங்க முடியாதுக்கா” என்கிறான். கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்தால் போதுமா? டாக்டரிடம் வேறு ஏதாவது காரணம் சொல்லிக்கொள்ளலாமா? இந்தத் தழும்புகள் மறையுமா?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள சகோதரிக்கு,

தழும்பைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் அந்தக் கால் புண். இந்த வாரமே அதை ஒரு மருத்துவர் பார்த்தாக வேண்டும். தம்பி ஊசியை நிறுத்திவிட்டுத்தான் புண்ணைக் காட்ட வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். அப்படிக் காத்திருந்து காலையே இழந்தவர்கள் உண்டு.

மாத்திரை என்பது விழுங்குவதற்காகச் செய்தது. அதில் மருந்தோடு டால்க், ஸ்டார்ச், செல்லுலோஸ் எல்லாம் சேர்த்திருப்பார்கள். எவ்வளவு பொடித்தாலும் இவை முழுதாகக் கரைவதில்லை. ஊசி வழியாகப் போகும் துகள்கள் சின்னச் சின்ன ரத்தக் குழாய்களை அடைக்கும், நுரையீரல் வரைக்கும் போய்த் தங்கும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்துவதால் ரத்தக் குழாய் வீங்கி, தழும்பேறி, கடைசியில் மூடிக்கொள்கிறது. நீங்கள் பார்த்த கறுப்புக் கோடு அந்த அழற்சி விட்டுப்போன நிறம். குழாய் கிடைக்காமல் போனதும் தோலுக்கடியிலேயே குத்துவார்கள். வட்டக் குழிகள் பெரும்பாலும் அப்படி வந்தவைதான்.

காலில் நடப்பது வேறு. ரத்தத்தை மேலே ஏற்றும் குழாய்களில் வால்வுகள் இருக்கின்றன. அவை கெட்டுவிட்டால் ரத்தம் கீழேயே தேங்கும், கால் வீங்கும், தோல் நலிந்து புண்ணாகும். உங்கள் தம்பிக்கும் இதுதான் என்று பார்க்காமல் சொல்ல மாட்டேன். ஆனால் இதுவாக இருந்தால் ஆன்டிபயாடிக் மட்டும் அதை ஆற்றாது. ஒழுங்கான டிரெஸ்ஸிங் வேண்டும், அழுத்தக் கட்டு வேண்டும். காலுக்குப் போகும் ரத்த ஓட்டத்தைச் சோதித்த பிறகுதான் அந்தக் கட்டைப் போட வேண்டும் என்பதால் வீட்டில் நீங்களாக இறுக்கிக் கட்டிவிடாதீர்கள். சீழ் கோத்த கட்டி என்றாலும் கீறி வடித்தால்தான் தீரும். அதைப் பிதுக்கவோ குத்தவோ கூடாது. தொடை இடுக்கில் துடிக்கும் கட்டி இருந்தால் அது ரத்தக் குழாயே புடைத்ததாக இருக்கலாம். அதைக் குத்தினால் உயிருக்கே ஆபத்து.

டாக்டரிடம் பொய் சொல்ல வேண்டாம். உண்மை தெரிந்தால்தான் காய்ச்சல் வரும்போது இதய வால்வில் கிருமி தொற்றியிருக்கிறதா என்று தேடுவார்கள், ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனை செய்வார்கள், டெட்டனஸ் ஊசி போடுவார்கள். இன்னொரு காரணமும் உண்டு. ஆஸ்பத்திரியில் சேர்ந்த சில மணி நேரத்திலேயே உடல் போதையைக் கேட்டு முறுக்க ஆரம்பிக்கும். வியர்வை, வாந்தி, எலும்புக்குள் வலி. அதைத் தாங்க முடியாமல்தான் பலர் பாதி சிகிச்சையில் எழுந்து போய்விடுகிறார்கள். முதலிலேயே சொல்லிவிட்டால் அதற்கும் மருந்து கொடுப்பார்கள். அவன் பொடிக்கும் மாத்திரையின் அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

தம்பி சொல்லும் அந்தப் பார்வை உண்மையானதுதான். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் அப்படிப் பார்ப்பதை நானும் கண்டிருக்கிறேன், கோபமும் வந்திருக்கிறது. ஆனால் வேறு மாதிரியும் கண்டிருக்கிறேன். ஒரு பையனின் காலுறை புண்ணோடு ஒட்டிக் காய்ந்துபோயிருந்தது. வார்டு நர்ஸ் அதைப் பிய்த்தெடுக்கவில்லை. சலைனை ஊற்றி ஊற்றி, ஊறவிட்டு, நூல் நூலாகப் பிரித்தார். ஏன், எப்படி என்று எதுவும் கேட்கவில்லை. “வலிச்சா சொல்லுப்பா, நிறுத்திக்கிறேன்” என்றது மட்டும்தான். அடுத்த டிரெஸ்ஸிங்குக்கு அவன் தானாகவே வந்தான். போதையை விடுவதற்கு மருந்து இருக்கிறதா என்று பின்னால் அவனே கேட்டான். இருக்கிறது: மருத்துவர் மேற்பார்வையில் கொடுக்கும் புப்ரினார்பின், மெத்தடோன். ஒரு இடத்தில் அவமானப்படுத்தினால் இன்னொரு இடத்துக்குப் போங்கள். தயவுசெய்து அதோடு விட்டுவிடாதீர்கள்.

சில அறிகுறிகளுக்கு நாள் பார்க்கக் கூடாது. புண்ணின் அளவுக்குப் பொருந்தாத கடும் வலி, மணிக்கு மணி பரவும் சிவப்பு, கொப்புளம், தோல் கறுப்பது, மரத்துப்போவது, குளிர் காய்ச்சல், ஊசி போட்ட பிறகு விரல்கள் வெளுத்துச் சில்லிடுவது. இதில் எது வந்தாலும், நள்ளிரவானாலும், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அவன் நாளைக்கே நிறுத்திவிடுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதுவரைக்கும் மாத்திரையைக் கரைத்து ஏற்ற வேண்டாம் என்று மன்றாடியாவது சொல்லுங்கள். அதையும் கேட்கவில்லை என்றால், ஒவ்வொரு முறையும் புது ஊசி, யாரோடும் பகிராத ஊசி. இப்படிச் சொல்வது அவன் செய்வதற்குச் சம்மதம் சொல்வதாகாது.

சரி, தழும்பு. கறுப்பு நிறம், ஊசி நின்றால், மாதங்கள் வருடங்கள் என்று மெல்லக் குறையும். குழிகள் பெரும்பாலும் தங்கிவிடும். கைகளில் வீக்கம் இருந்தால் அது நிறுத்திய பிறகும் முழுதாக வடியாமல் போகலாம். இதை அவனிடம் மறைக்காமல் சொல்லுங்கள், ஆனால் இன்றைக்கே வேண்டாம். இன்றைக்குக் கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.