பணிக்கொடையில் பிடித்தம் செய்யலாமா?

கேள்வி: இளநிலை உதவியாளராக ஓய்வு பெற்றேன். எட்டு ஆண்டுகளுக்கு முன் ஊதியத்தைத் தவறுதலாகக் கூட்டி நிர்ணயித்துவிட்டதாகக் கூறி, பணிக்கொடையில் பிடித்தம் செய்கிறார்கள். இது செல்லுமா?

பதில்: நீங்கள் எதையும் மறைக்காத நிலையில், பொதுவாகச் செல்லாது. பஞ்சாப் மாநில அரசின் வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், 'சி', 'டி' பிரிவு (கீழ்நிலைப் பணி) ஊழியர்களிடமும் ஓய்வு பெற்றவர்களிடமும் கூடுதல் ஊதியத்தை வசூலிக்கக் கூடாது என்றும், ஐந்தாண்டுகளுக்கு மேல் வழங்கப்பட்டுவந்த தொகைக்கும் இது பொருந்தும் என்றும் கூறியது. உயர் நீதிமன்றங்கள், அரசின் நடவடிக்கையை எதிர்த்துத் தாக்கலாகும் ரிட் மனுக்களில் இதைப் பின்பற்றிவருகின்றன. ஆனால், 'கூடுதலாகப் பெற்றிருந்தால் திருப்பிச் செலுத்துவேன்' என்ற உறுதிமொழித் தாளில் (பலர் படிக்காமலே கையெழுத்திடுவது அது) நீங்கள் ஒப்பமிட்டீர்களா என்று பாருங்கள். அப்படியானால், நீதித் துறை அலுவலர் ஒருவரின் வழக்கில் வசூலை அனுமதித்த 2016 தீர்ப்பை அரசுத் தரப்பு காட்டும். அவர் உயர்நிலை அலுவலர், நீங்கள் 'சி' பிரிவு என்ற வேறுபாட்டை உங்கள் வழக்கறிஞர் அழுத்தமாக வாதிட வேண்டும்.