வார்ப்பிரும்பைச் சுத்திகரிக்க ஆர்க் ஃபர்னஸ்: கேள்வி பதில்

கேள்வி: சார், எங்களிடம் இண்டக்‌ஷன் உலை இருக்கிறது. கந்தகத்தைக் குறைக்க ஆர்க் ஃபர்னஸ்தான் நல்லது என்கிறார்களே, ஏன்?

பதில்: ஸ்லாக்தான் (உருகிய உலோகத்தின் மேல் மிதக்கும் கசடு) காரணம். இண்டக்‌ஷனில் சூடாவது உலோகம். மேலே கிடக்கும் ஸ்லாக் அதனிடம் சூட்டைக் கடன் வாங்கி அரைகுறையாக இளகிக் கிடக்கும். ஆர்க் ஃபர்னஸில் எலக்ட்ரோடின் ஆர்க் மேலிருந்தே சுடுவதால் ஸ்லாக் நன்றாக இளகி வேலை செய்யும். சுண்ணாம்போடு, ஸ்லாக்கை இளக வைக்கும் ஃப்ளூர்ஸ்பார் கனிமமும் கொஞ்சம் போட்டால் கந்தகம் கால்சியம் சல்ஃபைடாகி ஸ்லாக்குக்குப் போய்விடும். ஆனால் லைனிங், அதாவது உலையின் உள்பூச்சு, மேக்னசைட்டாக இருக்க வேண்டும். சிலிக்கா லைனிங் என்றால் சுண்ணாம்பு அதை அரித்துவிடும். கார்பனும் சிலிக்கனும் அதிகம் என்பதால், கந்தகத்தை எடுப்பது எஃகைவிட வார்ப்பிரும்பில் சுலபம்.

கேள்வி: ஸ்லாக் சரியாக வந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஆறவிடுங்கள். கறுப்பாக இருந்தால் இரும்பு ஆக்சைடு இன்னும் இருக்கிறது, கந்தகம் போகாது. கோக் (சுட்ட நிலக்கரி) தூள் தூவுங்கள். வெள்ளையாகி, ஆறும்போது தானாகவே பொடிந்தால் சரி. சாம்பல் நிறமாக வந்தால் கார்பைடு உருவாகியிருக்கிறது. முழுக்க ஆறிய துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், கல் வைத்துப் பழுக்க வைத்த மாம்பழக் கூடையின் வாடை அடிக்கும். அந்த வாடை வந்தால் நிம்மதியாக இருக்கலாம். ஆறுவதற்கு முன் மட்டும் தண்ணீரைக் கிட்டே கொண்டுபோகவே கூடாது, வெடிக்கும்.

கேள்வி: பாஸ்பரஸும் போய்விடுமா அண்ணா?

பதில்: போகாது. அதற்கு ஆக்சிஜன் நிறைந்த ஸ்லாக் வேண்டும். அப்படி வைத்தால் முதலில் எரிவது சிலிக்கனும் கார்பனும்தான். பாஸ்பரஸ் வெளியேறுவதற்குள் உங்கள் வார்ப்பிரும்பு எஃகாகிவிடும். ஸ்கிராப் வாங்கும்போதே பார்த்து வாங்குங்கள். பழைய ரயில் பிரேக் கட்டைகளில் பாஸ்பரஸ் அதிகம் இருக்கக்கூடும்.

கேள்வி: நன்றாகச் சூடேற்றி ஊற்றியும் மெல்லிய பகுதி வெள்ளையாக, கடினமாக வருகிறது.

பதில்: சூடு அதிகமாகி, உலையில் நேரமும் நீண்டதால் கிராஃபைட் வளரத் தேவையான கருக்கள் அழிந்துவிட்டன. லேடிலில் (உருகிய உலோகத்தை எடுத்துச் செல்லும் கலம்) ஊற்றும்போது 75% சிலிக்கன் உள்ள ஃபெர்ரோசிலிக்கன் சேருங்கள். அதன் பலன் சில நிமிடங்களில் குறைந்துவிடும், அதனால் தாமதிக்காமல் அச்சில் ஊற்றிவிட வேண்டும். அப்புறம், ஒவ்வொரு லேடிலுக்கும் ஒரு ஆப்புத் துண்டு வார்த்து, உடைத்து, நுனியில் எவ்வளவு வெள்ளை என்று பாருங்கள்.

கேள்வி: டக்டைல் அயர்ன் (மக்னீசியம் சேர்த்துச் செய்யும், எளிதில் உடையாத வார்ப்பிரும்பு) செய்ய கந்தகத்தை எடுப்பது அவசியமா?

பதில்: குபோலாவில், அதாவது கோக் எரித்து உருக்கும் உயரமான உலையில், உருக்கிய உலோகம் என்றால் கந்தகத்தை எடுத்தே ஆக வேண்டும். கோக்கிலிருந்து 0.1% வரை கந்தகம் ஏறியிருக்கும். மக்னீசியம் போட்டால் கந்தகமே அதை முதலில் பிடித்துக்கொள்ளும். 0.02%க்குக் கீழே கொண்டுவந்துவிட்டு மக்னீசியம் போடுங்கள். குபோலாவில் உருக்கி ஆர்க் ஃபர்னஸில் சுத்திகரிக்கும் டூப்ளெக்ஸ் முறைக்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: கோவையில் சிறிய ஃபவுண்டரி வைத்திருக்கிறேன். ஆர்க் ஃபர்னஸ் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மின் இணைப்பு, எலக்ட்ரோட் செலவு இரண்டுமே தாங்காது. சுத்தமான எஃகு ஸ்கிராப்பும் கந்தகம் குறைந்த கார்பன் ரைசரும் (கார்பனைக் கூட்டச் சேர்க்கும் பொருள்) இருந்தால் இண்டக்‌ஷனே போதும்.