கார் கேள்வி-பதில்: பழைய பெயிண்ட் பிழைக்குமா?

கேள்வி: அப்பா ஓட்டிய 1966 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, சிவப்பு நிறம். பல வருஷம் ஷெட்டில் கிடந்த வண்டி, இப்போதுதான் எஞ்சின் வேலை முடிந்தது. அடுத்த கிளாசிக் கார் ரேலிக்குக் கொண்டுபோக ஆசை. பெயிண்ட் மங்கிவிட்டது, தடவினால் விரலில் சாயம் ஒட்டுகிறது. ஒர்க்‌ஷாப்பில் "முழுசா சுரண்டிட்டு புதுசா அடிச்சிடலாம் சார்" என்கிறார்கள். அடித்துவிடட்டுமா?
- கே.ஆர்., மயிலாப்பூர்

பதில்: கொஞ்சம் பொறுங்கள். விரலில் சாயம் ஒட்டுகிறது என்று பயந்துபோய் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் நல்ல செய்தி. நிறமே கையோடு வருகிறதென்றால் மேலே கிளியர் கோட் என்கிற நிறமில்லாத பூச்சு இல்லை, அந்தக் காலத்து ஒற்றைப் பெயிண்ட் என்று அர்த்தம். வெயில் பட்டுச் செத்துப்போன மேல்பரப்புதான் உங்கள் விரலில் வந்தது. அதற்கு அடியில் நல்ல சிவப்பு இன்னும் இருக்கலாம். எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் சுரண்டச் சொல்கிறவர் பேச்சை இப்போதைக்குக் கேட்க வேண்டாம்.

முதலில் ஷாம்பூ போட்டுக் கழுவுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், உலர்ந்ததும் வெள்ளை வெள்ளையாக உப்புப் பொட்டு விழும். நிழலில் துடைத்து உலர்த்திய பிறகு, ராத்திரியில் ஷெட் விளக்கை அணைத்துவிட்டு ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள். டியூப்லைட்டில் அருமையாகத் தெரிந்த பானட், டார்ச் வெளிச்சத்தில் தன் சரித்திரத்தையே சொல்லும். வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் தெரிந்தால் கவலையில்லை, அது தினமும் காலையில் தூசியோடு துணி போட்டுத் துடைத்ததால் வந்தது, போய்விடும். வெளுப்பும் பூத்த மாதிரி இருக்கும் மாவும் போய்விடும். ஆனால் வறண்ட ஏரித் தரை மாதிரி வெடிப்பு ஓடியிருந்தால் அது பெயிண்டின் முழு ஆழத்துக்கும் போயிருக்கும், எந்தப் பாலிஷும் அதை மூடாது. சின்னச் சின்னக் கொப்புளம் இருந்தால் உள்ளே துரு. அந்த இடத்தை மட்டும் பெயிண்டரிடம் விடுங்கள், வண்டி முழுவதையும் அல்ல.

ஹெரால்டில் விசேஷமாகப் பார்க்க வேண்டிய இடம் அதன் ஓரங்கள். 1961-லிருந்து சென்னையில் தயாரான வண்டி அது. இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி போட்ட டிசைன், பின்பக்கம் மட்கார்டின் மேல் மீன் துடுப்பு மாதிரி ஒரு விளிம்பு எழுந்து நிற்கும், முன்பக்கம் பானட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்னோக்கித் திறக்கும். இந்த விளிம்புகளில் அடிக்கும்போதே பெயிண்ட் மெலிசாகத்தான் நிற்கும், போதாததற்கு 50 வருஷமாகத் துணி அழுத்திப் போனதும் அங்கேதான். துடுப்பின் முதுகில் டார்ச்சை வைத்து உற்றுப் பாருங்கள். சிவப்புக்கு நடுவில் சாம்பலோ செங்காவியோ நூல் மாதிரி எட்டிப் பார்த்தால் அது பிரைமர், நிறத்துக்கு அடியில் போடும் பூச்சு. அங்கே இனி பெயிண்டைத் தேய்த்தெடுக்கும் ரப்பிங் காம்பவுண்ட் போகவே கூடாது, டேப் ஒட்டி மூடிவிட்டுத்தான் மற்ற இடத்தில் கை வைக்க வேண்டும்.

பெயிண்ட் கனம் பார்க்கும் மீட்டர் ஒன்று கிடைத்தால் நல்லது, சில ஆயிரம் ரூபாயில் சாதாரண மீட்டர் கிடைக்கிறது. இன்றைய கார்களில் கம்பெனி பெயிண்ட் எல்லா அடுக்கும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). உங்கள் வண்டியில் ஓர் இடத்தில் 120, பக்கத்துக் கதவில் 350 என்று காட்டினால் கதவுக்கு மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம். 1000-ஐத் தாண்டினால் அநேகமாக உள்ளே பட்டி, அதாவது நெளிசலை நிரப்பிய பசை. ஆனால் மொத்தக் கனத்தைத்தான் மீட்டர் சொல்லும், அதில் சிவப்பு எவ்வளவு, பிரைமர் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. அதனால் மீட்டரை நம்பி மெஷினை அழுத்த வேண்டாம்.

அப்புறம் ஒரு சோதனை. டிக்கி மூடியின் உள்பக்கம், யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில், காது குடையும் பஞ்சுக் குச்சியில் என்.சி. தின்னரை (லாக்கர் பெயிண்டைக் கரைக்கும் திரவம்) தொட்டுத் தேயுங்கள். பெயிண்ட் கரைந்து வந்தால் பழைய லாக்கர், நம் ஊர் ஒர்க்‌ஷாப் பாஷையில் டியூகோ. சுருங்கி உரிந்தால் எனாமல். ஒன்றுமே ஆகாவிட்டால் பிற்பாடு யாரோ அடித்த 2கே பெயிண்ட், ஹார்டனர் கலந்து அடிக்கும் வகை. வைத்தியம் இதைப் பொறுத்துத்தான் மாறும்.

பழைய லாக்கர் என்றே வைத்துக்கொள்வோம். எடுத்த எடுப்பில் காம்பவுண்டைத் தொடாதீர்கள். காய்ந்துபோன பெயிண்டுக்கு முதலில் எண்ணெய்ப் பசை வேண்டும். மெகுவையர்ஸ் நம்பர் 7 மாதிரி எண்ணெய் அதிகமுள்ள பழைய வகை கிளேஸை (மெருகு கிரீம்) டர்க்கி டவல் துணியில் தாராளமாக எடுத்து, ஒரு பேனலில் தேய்த்து, ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள். காலையில் துடைத்தால் துணி முழுக்கச் சிவப்பாகும், பயப்பட வேண்டாம், போவது செத்த பெயிண்ட்தான். இப்போது அரை அடிச் சதுரத்தில் மட்டும் மிக நைசான பாலிஷைக் கையால் போட்டுப் பாருங்கள். அதிலேயே தெளிந்துவிட்டால் அதற்கு மேல் கரகரப்பான எதுவும் வேண்டாம். தெளியவில்லை என்றால் மட்டும் ஒரு படி மேலே. ரோட்டரி மெஷினைக் கொண்டுவந்து பஃபிங் செய்கிறேன் என்று ஒரு பையன் வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள், ஒரே இடத்தில் சூடேறி விளிம்பில் பிரைமர் தெரிய சில நொடி போதும். மெஷின்தான் வேண்டுமென்றால் சுழன்றுகொண்டே அசையும் டியூயல் ஆக்‌ஷன் வகை, மெதுவான வேகம், மெத்தென்ற பேட். மெழுகு எல்லாவற்றுக்கும் கடைசி. கீறல் போகாத பெயிண்ட் மேல் எத்தனை விலையுள்ள வேக்ஸ் போட்டாலும் பளபளக்கும் கீறல்தான் கிடைக்கும்.

போட்டிக்கு இந்தப் பெயிண்ட் போதுமா என்று அடுத்த கடிதம் எழுதுவீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1950-லிருந்து நடக்கும் பெபிள் பீச் போட்டியிலேயே, புதுப்பிக்காமல் அப்படியே காப்பாற்றி வைத்த கார்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. ஊரில் எல்லோரும் கண்ணாடி மாதிரி 2கே அடித்துக் கொண்டுவந்து நிறுத்தும்போது, உங்கள் அப்பா பார்த்த அதே சிவப்பில் ஒரு ஹெரால்டு வந்தால் விஷயம் தெரிந்த நடுவர் அதன் பக்கத்தில்தான் அதிக நேரம் நிற்பார். என் ஓட்டு பழைய பெயிண்டுக்கு.

கேள்வி: பிரீமியர் பத்மினி ஒன்று விலைக்கு வருகிறது. "கம்பெனி பெயிண்ட், கை வைக்கவே இல்லை" என்கிறார் புரோக்கர். எப்படிக் கண்டுபிடிப்பது?
- எம்.எஸ்., கோவை

பதில்: கதவு ரப்பரைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள், அடியில் வேறு நிறம் தெரிந்தாலோ, கோடு கிழித்த மாதிரி பெயிண்ட் ஒரு இடத்தில் நின்றிருந்தாலோ புரோக்கருக்கு நன்றி சொல்லிவிட்டு விலையைக் குறையுங்கள். கதவுக் கீல் ஸ்க்ரூவின் தலையில் பெயிண்ட் உடைந்திருக்கிறதா, கண்ணாடியைச் சுற்றியுள்ள பீடிங்கில் பெயிண்ட் தூறல் விழுந்திருக்கிறதா, இதெல்லாம் டீ குடிக்கும் நேரத்தில் பார்க்கிற வேலை. ஃபிரிட்ஜ் மேல் ஒட்டும் காந்தம் ஒன்றை, துணியில் சுற்றி, கையோடு கொண்டுபோங்கள். மட்கார்டின் வளைவிலும் கதவின் கீழ்ப்பக்கத்திலும் வைத்துப் பாருங்கள், பட்டி கனமாக இருந்தால் காந்தம் பிடிக்காமல் வழுக்கும். இதை வெயில் சாயும் நேரத்தில் செய்யுங்கள். மழையில் நனைந்த காரை மட்டும் விலை பேசவே பேசாதீர்கள், ஈரத்தில் எல்லாப் பெயிண்டும் புதுசுதான்.

கேள்வி: கார்னவ்பா வேக்ஸ் நல்லதா, செராமிக் கோட்டிங்கா? "100 சதவீதம் கார்னவ்பா" என்று டப்பாவில் போட்டிருக்கிறான்.
- ஜெ., மதுரை

பதில்: கார்னவ்பா என்பது பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து உதிர்த்து எடுக்கும் மெழுகு. உருகவே 80 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், அவ்வளவு கெட்டி. கலப்பில்லாமல் டப்பாவில் வைத்தால் உங்களால் கீறி எடுக்கவே முடியாது, அதனால் எண்ணெயும் கரைப்பானும் கலந்துதான் ஆக வேண்டும். டப்பாவில் உள்ள மெழுகெல்லாம் கார்னவ்பா என்று சொன்னால் ஒப்புக்கொள்ளலாம், டப்பா முழுக்கவே அதுதான் என்றால் சிரிக்கலாம். பழைய ஒற்றைப் பெயிண்டுக்கு நான் வேக்ஸ் பக்கம்தான். நம் வெயிலில் சில வாரம்தான் நிற்கும், பரவாயில்லை, ரேலிக்கு முந்தின நாள் மறுபடி போட்டுக்கொள்ளலாம். செராமிக் பெயிண்டின் மேல் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் பூச்சு, அதை எடுக்க வேண்டுமென்றால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும், பழைய வண்டியில் தேய்க்க அவ்வளவு பெயிண்ட் மிச்சமிருக்காது. வேக்ஸை நிழலில், பானட் ஆறின பிறகு, மெலிசாகப் பூசுங்கள். அப்பிப் பூசினால் துடைக்கிற வேலைதான் கூடும். துடைக்க மைக்ரோஃபைபர் துணி, அது தரையில் விழுந்தால் அன்றைக்கு அதற்கு லீவு. பனியன் வேஸ்ட் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள தையல் நூல் ஒன்று போதும் உங்கள் ஒரு நாள் உழைப்பைக் கெடுக்க.

கேள்வி: ஆயுத பூஜைக்கு வெள்ளை அம்பாசடர் பானட்டில் மஞ்சளும் சந்தனமும் வைத்தோம். மஞ்சள் கறை போகவில்லை. காம்பவுண்ட் போடலாமா?
- வி.எல்., தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். சோப்புத் தண்ணீரில் கழுவி, சில நாள் வெயிலில் நிறுத்துங்கள். மஞ்சளின் நிறம் வெயிலில் தானாக வெளுக்கும். அடுத்த வருஷம் பூஜைக்கு முந்தின வாரமே வேக்ஸ் போட்டுவிட்டால் கறை அவ்வளவாகப் பெயிண்டில் இறங்காது. மாலையைச் செலோ டேப்பில் ஒட்டாமல் நூலால் கட்டுங்கள், பசை எடுக்கிறேன் என்று யாராவது தின்னரோடு வந்து நிற்பார்கள்.

கேள்வி: எங்கள் டிரைவர் மண்ணெண்ணெய் துணியால் துடைக்கிறார். பளபளவென்றுதான் இருக்கிறது.
- ஆர்., நாகர்கோவில்

பதில்: சாயங்காலம் வரை இருக்கும். அதற்குள் அந்தப் பிசுக்கில் ஊர்த் தூசியெல்லாம் வந்து ஒட்டியிருக்கும், மறுநாள் காலையில் அவர் அதே துணியால் அந்தத் தூசியோடு சேர்த்துத் தேய்ப்பார். துணியை வாங்கி வைத்துவிட்டு ஒரு வாளியும் ஷாம்பூவும் கொடுங்கள்.