பழைய விசைப்பலகை வாங்கும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய இயந்திர விசைப்பலகைகள் குறித்து வந்த கடிதங்களில், சுவிட்சையும் (விசையின் அடியில் இருந்து இயங்கும் பாகம்) கீகேப்பையும் (விரல் படும் மேல்மூடி) எப்படி மதிப்பிடுவது என்பதைப் பற்றியவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): 1990-களில் வந்த, செர்ரி நிறுவனத்தின் ஜி80 விசைப்பலகை ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. அதிகம் பயன்படுத்தப்படாதது என்று விற்பவர் சொல்கிறார். படங்களை மட்டும் பார்த்து அதை உறுதிசெய்ய முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். ஒரு விசைப்பலகை எவ்வளவு உழைத்திருக்கிறது என்பதை அறிய வேறொரு பலகையோடு ஒப்பிட வேண்டியதில்லை. அதிகம் உழைத்த விசையும் தொடப்படாத விசையும் ஒரே பலகையில்தான் இருக்கின்றன. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தவர் 'இ', 'ஏ', 'எஸ்' விசைகளையும் ஸ்பேஸ்பாரையும் ஓயாமல் அழுத்தியிருப்பார். ஸ்க்ரோல் லாக், பாஸ் விசைகளின் பக்கம் அவர் விரல் போயிருக்கவே வாய்ப்பில்லை. ஆகவே விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்து, இந்த இரு வகை விசைகளையும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பும்படி கேளுங்கள். உழைத்த விசையின் மேற்பரப்பில் சொரசொரப்பு போய் மினுமினுப்பு ஏறியிருந்தால், ஈரத்துணியால் துடைத்துவிட்டு மீண்டும் ஒரு படம் கேளுங்கள். துடைத்ததும் மறைந்தால் அது விரல் எண்ணெய், மறையாவிட்டால் தேய்மானம்.

ஆனால் கீகேப்பை மட்டும் வைத்து முடிவு செய்துவிடக் கூடாது. பிபிடி என்னும் கடினமான பிளாஸ்டிக்கில் செய்த கீகேப்புகள் பல ஆண்டுகள் உழைத்த பிறகும் எளிதில் மினுமினுப்பதில்லை. போதாக்குறைக்கு, வேறு பலகையிலிருந்து நல்ல கீகேப்புகளைக் கழற்றி மாட்டிவிடுவதும் மிக எளிது. அதனால் குறைந்தது இரண்டு கீகேப்புகளைக் கழற்றி, அடியிலுள்ள சுவிட்சைப் படமெடுக்கச் சொல்லுங்கள். மேல்மூடியில் செர்ரி பெயர் தெரிய வேண்டும். நடுத்தண்டு சிலுவை வடிவில் இருக்க வேண்டும். பின்பக்க லேபிளில் உள்ள மாதிரி எண்ணையும் தவறாமல் பாருங்கள். ஜி80 என்று தொடங்கினால் எம்எக்ஸ் என்னும் செர்ரி சுவிட்ச். ஜி81 என்றால் எம்ஒய் என்னும் வேறு வகை. இரண்டிலும் ஒரே கீகேப் பொருந்துவதால், மேலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. ஜி83 என்றால் உள்ளே இருப்பது இயந்திர சுவிட்ச் அல்ல, ரப்பர்தான்.

நேரில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விசையின் நடுவில் அழுத்தாமல் ஓரத்தில் மெதுவாக அழுத்திப் பாருங்கள். முழு ஆழம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். அந்த ஓட்டத்தில் எங்கேனும் மணல் உரசுவது போன்ற தடை தென்பட்டால், அதே சோதனையை ஸ்க்ரோல் லாக்கிலும் செய்யுங்கள். இரண்டிலும் ஒரே உரசல் என்றால், பலகை தூசி படிந்த இடத்தில் கிடந்திருக்கிறது என்று பொருள். என் கணிப்பில், கறுப்புத் தண்டுள்ள பழைய எம்எக்ஸ் சுவிட்சைப் பொறுத்தவரை, சுத்தமான அலுவலகத்தில் நன்றாக உழைத்த பலகை, பெட்டியின்றிக் கிடங்கில் தூசியோடு கிடந்த "புதிய" பலகையை விட மேலானது. தண்டும் கூடும் ஒன்றோடொன்று உரசி வழுவழுப்பாகிப் போன பழைய கறுப்பு சுவிட்சுகளைச் சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

கேள்வி (சிவகாசி வாசகர்): எங்கள் டிடிபி மையத்தில் பழைய டிவிஎஸ் கோல்டு விசைப்பலகைகள் சில இருக்கின்றன. ஒன்றில் 'ஆர்' விசையை ஒருமுறை தட்டினால் இரண்டு எழுத்து விழுகிறது. இவற்றுக்கு மதிப்பு உண்டா? சரிசெய்ய முடியுமா?

பதில்: உண்டு, முடியும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸ் விற்ற பழைய கோல்டு பலகைகளில் செர்ரி நிறுவனத்தின் நீல எம்எக்ஸ் சுவிட்சுகள் இருந்தன. பிற்காலத்தில் வந்தவற்றில் வேறு நிறுவனங்களின் நீல சுவிட்சுகளும் உண்டு. நிறம் ஒன்றே என்பதால் நிறத்தைப் பார்த்து மதிப்பிடாமல், கீகேப்பைக் கழற்றிச் சுவிட்சின் மேல்மூடியில் செர்ரி பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து விழுவது, உள்ளே தொட்டுப் பிரியும் உலோகத் தகடுகளில் அழுக்கோ களிம்போ படிந்திருப்பதன் அடையாளம். பலகையைக் கணினியிலிருந்து கழற்றிவிட்டு, தண்டை அழுத்தியபடி ஐசோபுரோபைல் ஆல்கஹால் இரண்டொரு சொட்டு விட்டு, பலமுறை அழுத்தி விடுவித்து, முழுவதும் உலர்ந்த பிறகு சோதியுங்கள். பெரும்பாலும் குணமாகிவிடும். குணமாகாவிட்டால், பற்றவைக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து, அந்தச் சுவிட்சையும் யாரும் தொடாத ஒரு விசையின் சுவிட்சையும் இடம் மாற்றச் சொல்லலாம். புதிய உதிரிபாகமே தேவைப்படாது. 'க்ளிக்' ஒலி மட்டும் சில விசைகளில் குறைந்திருந்தால், நீலத் தண்டோடு சேர்ந்து இயங்கும் வெள்ளைத் துண்டு தூசியால் தடைபட்டிருக்கக் கூடும். அதற்காகப் பலகையைத் தள்ளிவிட வேண்டாம்.

கேள்வி (திருச்சி வாசகர்): கீகேப் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கா, பிபிடி பிளாஸ்டிக்கா என்று வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஒரு தம்ளர் தண்ணீரில் உப்பை இனியும் கரையாது என்ற அளவுக்குக் கரைத்து, கீகேப்பை அதில் போட்டு, குழிவில் ஒட்டிய காற்றுக் குமிழிகளை விரலால் நீக்கிவிடுங்கள். ஏபிஎஸ் மிதக்கும், பிபிடி மூழ்கும். வெறும் தண்ணீரில் இரண்டுமே மூழ்கிவிடுவதால் உப்பு இன்றியமையாதது. அசிட்டோன் தொட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. அது ஏபிஎஸ்ஸைக் கரைத்துவிடும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

எழுத்து பதிக்கப்பட்ட விதத்தையும் பாருங்கள். மேலே அச்சிட்ட எழுத்து விரல்நுனிக்குத் தட்டுப்படும், காலப்போக்கில் அழியும். சாயத்தைச் சூட்டில் பிபிடிக்குள் இறக்கிப் பதித்த எழுத்து தட்டுப்படாது. பிளாஸ்டிக்குக்குள்ளேயே இருப்பதால் எளிதில் அழியவும் அழியாது. இரு நிறப் பிளாஸ்டிக்கை ஒன்றுக்குள் ஒன்றாக வார்த்த கீகேப்பைத் திருப்பிப் பார்த்தால், அடியில் இரண்டாம் நிறம் தெரியும். இந்தக் கடைசி வகையில் ஏபிஎஸ் என்றாலும் எழுத்து போகாது, மேற்பரப்பு மட்டுமே மினுமினுக்கும்.

கேள்வி (சென்னை வாசகர்): பழைய கணினிப் பொருள் கடையில் ஐபிஎம் மாடல் எம் விசைப்பலகை ஒன்று கிடைத்தது. ஆட்டினால் உள்ளே ஏதோ உருளுகிறது. வாங்கலாமா?

பதில்: உருளும் அந்தச் சிறு துண்டுகளைத்தான் இந்தப் பலகையில் முதலில் கவனிக்க வேண்டும். 1985-இல் வரத் தொடங்கிய மாடல் எம்மில், விசையை அழுத்தும்போது அதன் கீழுள்ள ஸ்பிரிங் நெளிந்து மடங்கும். மடங்கும் அந்தக் கணத்தில் ஒரு சிறு சுத்தியல் கீழே உள்ள படலத்தை அடித்து எழுத்தைப் பதியச் செய்யும். விசைகள் நிற்கும் பிளாஸ்டிக் சட்டமும், அடியிலுள்ள எஃகுத் தகடும், இடையிலுள்ள படலமும் பல சிறு பிளாஸ்டிக் குமிழ்களால் இறுக்கிப் பிடிக்கப்பட்டிருக்கின்றன. வயதாக ஆகக் குமிழ்களின் தலைகள் நொறுங்கி உதிரும். நீங்கள் கேட்டது பெரும்பாலும் அந்த ஓசைதான்.

சில தலைகள் உதிர்ந்தாலும் பலகை வேலை செய்யும். பல உதிர்ந்துவிட்டால் சட்டமும் தகடும் விலகி, அழுத்தம் தளர்ந்து, சில விசைகள் பதியாமல் போகும். எனவே கடையிலேயே ஒவ்வொரு விசையாக அழுத்திப் பாருங்கள். ஒலியும் எழுத்தும் ஒன்றாக வந்தால் நலம். ஒலியே இல்லாமல் விசை தொய்ந்து போனால் பயப்பட வேண்டாம். ஸ்பிரிங் இடம் மாறியிருக்கும், கீகேப்பைக் கழற்றி, பலகையைச் செங்குத்தாக நிறுத்தி, ஸ்பிரிங்கை நடுவில் நிற்கச் செய்து மீண்டும் பொருத்தினால் சரியாகிவிடும். ஒலி வந்து எழுத்து வராவிட்டால் கோளாறு படலத்திலோ குமிழ்களிலோ இருக்கிறது. ஒரே வரிசையில் பல விசைகள் சேர்ந்து செயலிழந்திருந்தால், எப்போதோ தேநீரோ தண்ணீரோ கொட்டிப் படலத்தின் மின்தடம் அரிக்கப்பட்டிருக்கலாம். அந்த நிலையில் உதிரிபாக விலைக்கு மேல் ஒரு ரூபாயும் தர வேண்டாம்.

குமிழ்கள் போன பலகையை, எஞ்சிய தலைகளைச் சீவிவிட்டு, மெல்லிய துளைகள் இட்டு, சிறிய போல்ட்டும் நட்டும் போட்டு மீட்க முடியும். பொறுமை வேண்டிய வேலை அது. ஆனால் செய்து முடித்த பலகை முன்பிருந்ததை விட உறுதியாக நிற்கும். பெட்டியைத் திறக்க 5.5 மில்லிமீட்டர் அளவுள்ள, மெல்லிய சுவர் கொண்ட நட் திருப்பி வேண்டும்; சாதாரணத் திருப்புளியால் ஆகாது.

கீகேப்பைப் பற்றி இங்கே அதிகம் கவலைப்பட வேண்டாம். சாயம் இறக்கிய பிபிடி என்பதால் எழுத்துகள் இன்றும் தெளிவாக இருக்கும். பல பலகைகளில் கீகேப் இரண்டு துண்டு. மேல்துண்டு மட்டும் தொலைந்திருந்தால் கிடைக்காத பொருளல்ல. ஐபிஎம்மிடமிருந்து 1991-இல் லெக்ஸ்மார்க் நிறுவனமும், அதன் பிறகு 1996-இல் யூனிகாம்ப் நிறுவனமும் இந்தத் தயாரிப்பை ஏற்றன. அமெரிக்காவின் கென்டக்கியிலுள்ள யூனிகாம்ப் அதே வகை விசைப்பலகைகளைத் தொடர்ந்து செய்துவருவதால் கீகேப்பும் கிடைக்கிறது. பழைய பிஎஸ்/2 இணைப்பை யூஎஸ்பியாக்க, வெறும் முனை மாற்றி போதாது. உள்ளே சில்லு உள்ள மாற்றி வேண்டும்.

கேள்வி (டொராண்டோ வாசகர்): ஆப்பிள் எக்ஸ்டெண்டட் கீபோர்டு 2 ஒன்றை வாங்க நினைக்கிறேன். எல்லாவற்றிலும் ஆல்ப்ஸ் நிறுவனத்தின் சுவிட்ச்தானே?

பதில்: இல்லை. அதனால்தான் இந்த மாதிரியில் கீகேப்பைக் கழற்றிய படம் இல்லாமல் பணம் அனுப்பக் கூடாது என்கிறேன். 1987-இல் வந்த முதல் எக்ஸ்டெண்டட் கீபோர்டில் ஆரஞ்சு நிறத் தண்டுள்ள ஆல்ப்ஸ் சுவிட்சைப் பெரும்பாலும் காணலாம். 1990-இல் வந்த இரண்டாவதில், ஓசையை அடக்கும் ரப்பர் பதித்த வெண்மஞ்சள் ஆல்ப்ஸ் பலவற்றில் உண்டு. ஆனால் மிட்சுமி என்னும் வேறு நிறுவனத்தின் சுவிட்சோடு வந்தவையும் இருக்கின்றன. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே.

ஆல்ப்ஸுக்குத் தூசி ஜென்ம விரோதி. உள்ளே புகுந்த தூசி தண்டின் வழியை உரசிக் கெடுத்துவிட்டால், கழுவியும் எண்ணெயிட்டும் பழைய வழுவழுப்பை முழுமையாகக் கொண்டுவர முடிவதில்லை. ஆகவே இங்கே கீகேப்பின் அழகை விட, சுவிட்சுகளைச் சுற்றியுள்ள தகட்டின் நிலையே எனக்குப் பெரிது. அதில் சாம்பல் நிறப் படலமும் முடியும் துருவும் தெரிந்தால், வேறு பலகையைத் தேடுங்கள். கீகேப்பைக் கழற்றும்போது கம்பியாலான கீகேப் இழுப்பானால் நேராக மேலே இழுங்கள். சாய்த்து நெம்பினால் சுவிட்சின் மேல்மூடி சேர்ந்து வந்துவிடக் கூடும். ஏடிபி என்னும் பழைய ஆப்பிள் இணைப்பை இன்றைய கணினியில் பயன்படுத்தத் தனி மாற்றி தேவை. இணைப்புக் கம்பி தொலைந்திருந்தால், நான்கு முனையுள்ள எஸ்-வீடியோ கம்பியே போதும்.

கேள்வி (அதே வாசகர்): படத்தில் ஸ்பேஸ்பார் மட்டும் மஞ்சளாக இருக்கிறது. மாற்றிப் போட்டிருப்பார்களா?

பதில்: பெரும்பாலும் இல்லை. மற்ற விசைகள் பிபிடி, ஸ்பேஸ்பார் ஏபிஎஸ். நீளமான துண்டைப் பிபிடியில் வார்த்தால் வளைந்துவிடும் என்பதால் பலர் அதற்கு மட்டும் ஏபிஎஸ்ஸைப் பயன்படுத்தினார்கள். ஏபிஎஸ் ஒளிபட்டு மஞ்சளாகும். சுவிட்சை இது எந்த விதத்திலும் பாதிப்பதில்லை என்பதால், விலையைக் குறைத்துக் கேட்க உங்களுக்கு இது நல்ல காரணம். ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்தால் வெண்மை திரும்பும். ஆனால் சமமாகத் தடவாவிட்டால் திட்டுத் திட்டாகும், சில ஆண்டுகளில் மஞ்சள் மீண்டும் ஏறுவதும் உண்டு. ஆகவே அப்படி வெளுத்து விற்கப்படும் பலகைக்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.