தாகத்துக்கு இளநீர் கொடுக்கலாமா?

சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கும் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களுக்குமான கேள்வி பதில் பகுதி. திருகோணமலை மாவட்ட வாசகர்கள் அனுப்பியவற்றில் மூன்று கேள்விகள் இம்முறை.

கேள்வி: கணவருக்குக் கிழமையில் இரண்டு நாள் டயாலிசிஸ். சலம் போவது நன்றாகக் குறைந்துவிட்டது. இந்த வெயிலில் தண்ணி கேட்டுத் துடிக்கிறார். இளநீர் குளிர்ச்சிதானே, கொடுக்கலாமா?
— வாசகி, உப்புவெளி

பதில்: வேண்டாம் அம்மா. ஒரு கிளாஸ் இளநீரில் ஏறக்குறைய 600 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. டயாலிசிஸ் செய்பவருக்கு முழு நாளைக்கும் பொதுவாக விடப்படும் அளவே 2000 மில்லிகிராம்தான். சலத்தோடு போகவேண்டிய பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், நின்றும் போகலாம். பல பேருக்கு முன்னறிகுறியே இருக்காது. இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே நீண்ட இடைவெளி விழும் நாள்களில் ஆபத்து இன்னும் கூட. கைகால் தூக்க முடியாமல் சோர்ந்தால், நெஞ்சு படபடத்தால், அடுத்த முறை வரட்டும் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

தாகத்தை வெயிலை விட உப்புத்தான் கிளப்புகிறது. கருவாடு, ஊறுகாய், அப்பளம், சூப் கட்டி இவற்றைக் கொடுத்துக்கொண்டு தண்ணியை மட்டும் மறித்தால் எந்த மனிதராலும் தாக்குப்பிடிக்க முடியாது. முதலில் உப்பைக் குறையுங்கள். கடையில் விற்கும் ‘சோடியம் குறைந்த உப்பு’ பலவற்றில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள், அதை வீட்டுக்குள்ளேயே எடுக்கவேண்டாம். சீனி வருத்தமும் இருந்தால், இரத்தத்தில் சீனி ஏறினாலும் நா வறளும்.

தண்ணீர்க் கணக்கு இப்படி: முந்திய 24 மணித்தியாலத்தில் போன சலத்தின் அளவோடு 500 மில்லிலீற்றர் கூட்டுங்கள். வைத்தியர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே உங்களுக்கு அளவு. காலையில் அந்த அளவை ஒரு போத்தலில் நிரப்பி வையுங்கள். தேத்தண்ணி, சொதி, கஞ்சி, ஐஸ் கட்டி எது உள்ளே போனாலும் அதே அளவைப் போத்தலிலிருந்து வெளியே ஊற்றிவிடுங்கள். மிச்சம் எவ்வளவு என்று அவர் கண்ணாலேயே பார்ப்பார். குளிசைகளைச் சாப்பாட்டு நேரத்துத் தண்ணியோடு விழுங்கினால் சில மிடறு மிஞ்சும். தராசும் உதவும்: ஒரு லீற்றர் தேங்கினால் ஒரு கிலோ ஏறும்.

மரவள்ளி, உருளைக்கிழங்கு ஆசைப்பட்டால் தோல் சீவி, சின்னத் துண்டாக வெட்டி, நிறையத் தண்ணியில் இரண்டு மணித்தியாலம் ஊறவிட்டு வடித்து, புதுத் தண்ணியில் அவித்து மறுபடி வடியுங்கள். அப்படியும் கொஞ்சமாகத்தான். காமரங்காயைத் தொடவே கூடாது. அதன் நஞ்சைச் சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாதபோது விடாத விக்கல், மயக்கம், வலிப்பு வரை கொண்டுபோகும்.

கேள்வி: தம்பிக்கு லாத்தா சிறுநீரகம் கொடுக்கப்போகிறார். அவருக்குப் பிறகு பாதிப்பு வருமா? தம்பியின் பழுதான இரண்டையும் எடுத்துவிடுவார்களா?
— வாசகர், கிண்ணியா

பதில்: பழையதைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. புதியதை அடிவயிற்றில் ஒரு பக்கமாக வைத்து, அங்குள்ள இரத்தக் குழாய்களோடும் சலப்பையோடும் இணைப்பார்கள்.

லாத்தாவின் மற்றச் சிறுநீரகம் வேலையைக் கூட்டி எடுத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து செய்த வேலையில் 70 சதவீதம் அளவுக்கு அது ஒன்றே செய்யும். சத்திரசிகிச்சைக்குப் பின் நாலு முதல் ஆறு கிழமைக்குத் தண்ணிக் குடம், அரிசி மூட்டை போன்ற பாரம் தூக்கக்கூடாது. ஆயுள் முழுக்க வருடம் ஒருமுறை பிரஷர், சலத்தில் புரதம், கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கழிவு, இரத்தத்தில் பார்ப்பது) மூன்றையும் பார்க்கவேண்டும். இனிக் குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லட்டும், கர்ப்பகாலத்தில் பிரஷர் ஏறும் வாய்ப்புச் சற்றுக் கூடும்.

இன்னொன்றையும் கேளுங்கள். கொடுப்பவர் பெண் என்றால் வீட்டில் யாரும் அவர் மனதைக் கேட்பதே இல்லை. பரிசோதனைக் காலத்தில் வைத்தியரோடு லாத்தா தனியாகப் பேசவேண்டும், நீங்கள் வெளியே நில்லுங்கள். தியேட்டருக்குள் போகும் நிமிடம் வரை ‘வேண்டாம்’ என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. பணத்துக்குச் சிறுநீரகம் வாங்குவதும் விற்பதும் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம்.

கேள்வி: மாற்றுச் சிறுநீரகம் வைத்து எட்டு மாதம். கிளினிக்குக்காக இரவு பஸ்ஸில் கண்டி போகிறேன். காலைக் குளிசையை வழியில் போடலாமா?
— வாசகர், மூதூர்

பதில்: உடல் புதிய சிறுநீரகத்தை நிராகரிக்காமல் தடுக்கும் டக்ரோலிமஸ் குளிசை என்றால், இரத்தம் எடுக்கும் வரை போடாதீர்கள். முந்திய இரவுக் குளிசை போட்டு 12 மணித்தியாலம் கழிந்து, அடுத்தது போடுமுன் இரத்தத்தில் மிஞ்சும் அளவைத்தான் பார்க்கிறார்கள். பஸ்ஸிலேயே போட்டுவிட்டுப் போனால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும். அதை நம்பி வைத்தியர் மருந்தைக் குறைத்தால் உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கத் தொடங்கலாம், வலியோ காய்ச்சலோ இல்லாமல், கிரியாட்டினின் மட்டும் ஏறும். காலைக் குளிசையைக் கைப்பையில் வைத்திருந்து, இரத்தம் எடுத்ததும் போடுங்கள்.

வயிற்றோட்டம் வந்தால் இந்த மருந்து இரத்தத்தில் கூடிவிடும், கிளினிக்குக்குச் சொல்லுங்கள். கிளாரித்ரோமைசின், ஃபுளூக்கொனசோல் என்ற கிருமிகளுக்கான மருந்துகள் இரண்டும் அப்படியே கூட்டும். ஆகவே பாமசியில் நீங்களாக எதையும் வாங்காதீர்கள். உடம்பு நோவுக்குப் பரசிற்றமோல் போதும், டைக்குளோபெனக் சிறுநீரகத்தைக் கெடுக்கும். காய்ச்சல் 38 பாகை தொட்டால் அன்றே ஆஸ்பத்திரி. பிரெட்னிசொலோன் (ஸ்டீரொயிட் குளிசை) காய்ச்சலை மறைக்கும் என்பதால் 38 வராமலே நடுங்கினாலும் போங்கள்.

ஊர்ச் சட்டித் தயிர், பாலைக் காய்ச்சித்தான் உறையவிட்டார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் சாப்பிடுங்கள். பம்பளிமாஸ் பழம் வேண்டாம், அதுவும் டக்ரோலிமஸைக் கூட்டும்.