இன்னும் ஒரே ஒரு வாய்!

கேள்வி: என் மகன் 42 கிலோ. அதிகமா? எத்தனை கிலோ குறைக்க வேண்டும்?

பதில்: வயது எங்கே, உயரம் எங்கே? ஒன்பது வயசுப் பையனுக்கு 42 ரொம்ப அதிகம். ஐந்தடி வளர்ந்த பதின்மூன்று வயசுக்காரனுக்கு அதே 42 சரியான எடை. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015இல் வெளியிட்ட பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று காட்டும் கணக்கு) வரைபடத்தில் குறித்துப் பார்க்க மருத்துவரிடம் சொல்லுங்கள். வளர்கிற பிள்ளைக்குப் பல சமயம் எடை ஏறாமல் நின்றாலே போதும், உயரம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். இந்தக் கணக்கையெல்லாம் அவன் காதுபடப் பேச வேண்டாம்.

கேள்வி: மகளுக்கு எட்டு வயது, குண்டாக இருக்கிறாள். தட்டில் போட்டுக் கொடுத்தால் பாதியில் எழுந்துவிடுகிறாள் என்று போனில் கார்ட்டூன் போட்டு நானே ஊட்டிவிடுகிறேன். நல்ல டயட் சொல்லுங்கள்.

பதில்: இரண்டு தடவை படித்தேன். பிள்ளை போதும் என்று எழுந்திருக்கிறாள். நீங்கள் பிடித்து உட்காரவைத்து ஊட்டிவிட்டு, என்னிடம் டயட் கேட்கிறீர்கள்.

போன மாதம் என் அறைக்கு வெளியே ஒரு அம்மா டிபன் பாக்ஸைத் திறந்தார். பையன் வாயை இறுக மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டான். போனில் ஒரு பூனை தொட்டிக்குள் விழுந்தது. இவன் சிரித்தான். திறந்த வாய்க்குள் தயிர்சாத உருண்டை போய்விட்டது. மென்றானா விழுங்கினானா, அவனுக்கே தெரியாது. கைக்குழந்தையாக இருக்கும்போது தலையைத் திருப்பினால் பால் போதும் என்று புரிந்துகொண்ட நாம், நடக்க ஆரம்பித்ததும் ‘காக்காவுக்கு ஒரு வாய், தாத்தாவுக்கு ஒரு வாய்’ என்று அந்தப் புத்தியைக் கெடுக்கிறோம். பிறகு வயிறு சொல்வதைக் கேள் என்றால் எப்படிக் கேட்கும்?

போனை வேறு அறையில் வையுங்கள், பெரியவர்கள் போனையும் சேர்த்து. வழக்கத்தைவிடக் குறைவாகப் பரிமாறுங்கள், கேட்டால் மறுபடி போடலாம். என்ன சமையல், எத்தனை மணிக்கு என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு என்பதை அவள் வயிற்றிடம் விடுங்கள். அவள் எழுந்ததும் தட்டை எடுத்துவிடுங்கள், பேச்சே வேண்டாம். சோறு வீணாகிறதே என்ற வருத்தம் இருந்தால் உலையில் அரிசியைக் குறையுங்கள்.

கேள்வி: சாப்பிட்டுக் கை கழுவியதுமே ‘பசிக்குது’ என்கிறான்.

பதில்: வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போய்ச் சேரச் சுமார் இருபது நிமிடம் பிடிக்கும். பொறுத்துப் பார்த்து, ‘இட்லி இருக்கு, வைக்கட்டுமா?’ என்று கேளுங்கள். சரி என்றால் பசி. ‘இட்லி வேணாம், சிப்ஸ்’ என்றால் ஆசை. ஆசை தப்பில்லை, ஆனால் இரண்டும் வேறு என்று அவனுக்கே தெரிய வேண்டும். திட்டாமல் கேளுங்கள்.

கேள்வி: பிஸ்கட்டைப் பீரோவில் பூட்டினாலும் எடுத்துவிடுகிறாள். தலையணைக்கடியில் உறை கிடந்தது.

பதில்: வீட்டில் வைத்துக்கொண்டே தடுத்தால் ஆசை கூடும். பூட்டாதீர்கள், வாங்காதீர்கள். வாரம் ஒருநாள் மட்டும் அன்றைக்கு வேண்டியதை வாங்கி, எல்லோரும் உட்கார்ந்து வெளிப்படையாகச் சாப்பிடுங்கள். உறையைக் காட்டி விசாரணை வேண்டாம்.

கேள்வி: அவனுக்கு மட்டும் ராத்திரி சப்பாத்தி. அப்பா பரோட்டா சாப்பிடும்போது அழுகிறான்.

பதில்: நானாக இருந்தாலும் அழுவேன். அமெரிக்காவில் எப்ஸ்டீன் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் குண்டான பிள்ளைகள் உள்ள குடும்பங்களைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்து 1990இல் முடிவை வெளியிட்டார்கள். பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்தே பழக்கத்தை மாற்றிய வீடுகளில்தான் பலன் நன்றாக நிலைத்தது. அப்பாவுக்கும் சப்பாத்தி.

கேள்வி: இரண்டு கிலோ குறைத்தால் ஐஸ்கிரீம் என்று சொல்லியிருக்கிறேன். சரிதானே?

பதில்: இல்லை. பரிசு கிலோவுக்கு வேண்டாம், பழக்கத்துக்குக் கொடுங்கள், தின்பண்டமாகவும் வேண்டாம். வாரம் ஐந்து நாள் சாயங்காலம் ஓடி விளையாடினால் ஞாயிறு பீச்.

கேள்வி: கழுத்தைச் சுற்றிக் கறுப்பு. தேய்த்துக் குளிப்பாட்டியும் போகவில்லை.

பதில்: அழுக்கு இல்லை, தேய்க்காதீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ‘குண்டாயிட்டான் டாக்டர்’ என்று அவன் முன்னால் ஆரம்பிக்காமல், கழுத்தை மட்டும் காட்டுங்கள்.