72,000 ரூபாவுக்கு கோல்ஃப் சப்பாத்து வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு 34 வயது. யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் கிளை முகாமையாளர். கைக்கு வரும் சம்பளம் 165,000 ரூபா. மனைவி ஆசிரியை, பிள்ளை ஒன்று. கொழும்புத் தலைமை அலுவலகத்துப் பெரியவர்கள் கோல்ஃப் விளையாடுகிறவர்கள். இப்போது என்னையும் கூப்பிடுகிறார்கள், வருடத்துக்கு ஆறு தடவை வரும். பெரும்பாலும் கொழும்பில், ஒரு தடவை நுவரெலியாவில். போன முறை தேய்ந்துபோன ஓட்டச் சப்பாத்தோடு போய், நுவரெலியாவின் ஈரப் புல்லில் எல்லோர் முன்னாலும் சறுக்கி விழுந்தேன். விரலெல்லாம் கொப்புளம் வேறு.

நல்ல சோடி ஒன்று வாங்க நினைக்கிறேன். கொழும்புக் கடை ஒன்றில் முள் வைத்த தோல் சப்பாத்து 72,000 ரூபா. கடனட்டையில் வட்டியில்லாமல் 12 மாதத் தவணை தருகிறார்கள். அதே கடையில் முள்ளில்லாத செயற்கைத் தோல் சோடி 24,000. தெரிந்த ஒருவர், "இரண்டு தடவைதான் போட்டது, ஐந்து வருடமாகப் பெட்டியிலேயே இருக்கிறது" என்று உயர்ரகச் சோடி ஒன்றை 15,000க்குத் தருகிறார். ரொறன்ரோவில் இருக்கும் மாமாவோ அளவைச் சொன்னால் தான் கொண்டுவருவதாகச் சொல்கிறார். விலை கூடியதுதான் கனகாலம் உழைக்கும் என்கிறார்கள் நண்பர்கள். எதை வாங்குவது? சேமிப்பில் 90,000 இருக்கிறது. மனைவியின் சங்கிலி ஒன்று மட்டும் அடகில் இருக்கிறது, வட்டி கட்டி வருகிறேன்.
நல்லூர் வாசகர்

பதில்: தம்பி, காசு விஷயமாக வரும் கடிதங்களைக் கீழிருந்து மேலாக வாசிப்பது என் பழக்கம். முக்கியமான சங்கதியைக் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். நீங்களும் அப்படித்தான். சங்கிலிக்குப் பிறகு வருகிறேன். நீங்கள் கேட்டது சப்பாத்தைப் பற்றி, அதை முதலில் பார்ப்போம்.

"விலை கூடியது கனகாலம் உழைக்கும்" என்பது கிழமைக்கு ஒரு தடவை விளையாடுகிறவருக்குச் சரி. அவருக்கு வருடத்தில் ஐம்பது ஆட்டம். ஓர் ஆட்டத்தின் 18 குழியையும் நடந்தே முடிக்க நாலு மணித்தியாலத்துக்கு மேல் போகும், எட்டுப் பத்துக் கிலோமீற்றர் நடை. அந்தச் சப்பாத்து தேய்ந்து சாகும். நல்ல தோலும் மாற்றக்கூடிய முள்ளும் அங்கே போட்ட காசைத் திருப்பித் தரும்.

உங்களுக்கு வருடத்தில் ஆறு ஆட்டம். மற்ற நாளெல்லாம் அது அலுமாரியில். உங்கள் சப்பாத்து தேய்ந்து சாகப் போவதில்லை, வயதாகித்தான் சாகும்.

என் கதை ஒன்று சொல்கிறேன். கலியாணவீடுகளுக்கு மட்டும் போடவென்று விலை கூடிய கறுப்புச் சப்பாத்து ஒன்று வைத்திருந்தேன். வருடத்துக்கு மூன்று நாலு தடவை போட்டால் அதிகம். மற்ற நாளில் துடைத்து, கடதாசியில் சுற்றி, பெட்டிக்குள் வைத்துவிடுவேன். ஒரு நாள் மண்டபத்தில் பந்திக்கு எழும்பி நடக்கிறேன், பின்னால் ஒரு சின்னப் பெடியன் "அப்பா, அந்த அங்கிளின் கால் உதிருது" என்று கத்துகிறான். திரும்பிப் பார்த்தால் வெள்ளைத் தரையில் நான் நடந்த வழியெல்லாம் கறுப்புக் கறுப்பாகத் துகள். காய்ந்த கேக் மாதிரி சோல் உதிர்ந்திருந்தது. மேல் தோல் மட்டும் புதுசு போலவே பளபளத்தது. பந்தியில் வெறும் காலோடு இருந்து சாப்பிட்டேன்.

பிறகுதான் காரணத்தைத் தேடி வாசித்தேன். பல சப்பாத்துகளின் நடுச் சோல் பொலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. காற்றில் உள்ள ஈரம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும், வெக்கை அந்த வேலையை இன்னும் வேகமாக்கும். வெக்கையும் ஈரமும் நமக்கு வருடம் முழுக்க உண்டு. போடாமல் பெட்டியில் பூட்டி வைத்தால் அது தப்பாது. அடிக்கடி போட்டுக் காற்றாட விட்ட சோடியை விட, பொத்திப் பொத்தி வைத்த சோடி முதலில் உதிர்வதும் உண்டு. ஈ.வி.ஏ. என்ற நுரை வகைச் சோலுக்கு இந்த வருத்தம் இல்லை, ஆனால் ஒட்டிய பசை அங்கேயும் விடலாம்.

ஆகவே அந்த 15,000 ரூபாச் சோடியைத் தொடவேண்டாம். "ஐந்து வருடமாகப் பெட்டியில்" என்று அவர் பெருமையாகச் சொன்னாரே, அதுதான் எனக்குப் பயம். கட்டாயம் பார்த்தே தீருவீர்கள் என்றால், சோலைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள், சப்பாத்தை இரண்டாக வளைத்துப் பாருங்கள். மயிர்க்கோடு போல வெடிப்பு விட்டாலோ, கையில் பிசுபிசுத்தாலோ நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். வெடிக்காவிட்டாலும் அடுத்த வருடத்துக்கு உத்தரவாதம் ஒன்றும் இல்லை.

இனி புதுச் சோடிகளின் கணக்கு. 72,000 ரூபாச் சப்பாத்துக்கு ஐந்து வருட ஆயுள் கொடுப்போம், தாராளமாகவே. முப்பது ஆட்டம், ஓர் ஆட்டத்துக்கு 2,400 ரூபா. 24,000 ரூபாச் சோடிக்குக் கஞ்சத்தனமாக இரண்டே வருடம் கொடுப்போம். பன்னிரண்டு ஆட்டம், ஓர் ஆட்டத்துக்கு 2,000. விலை கூடியதற்கு இவ்வளவு சலுகை காட்டியும் உங்கள் ஆறு ஆட்டத்துக்கு அது வெல்லவில்லை. அது போதாதென்று தோலுக்கு மாரி காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும், துடைக்க வேண்டும், மெழுகு பூச வேண்டும். அந்தப் பொறுமை உங்களுக்கு இருக்கிறதா என்பது உங்கள் கலியாணச் சப்பாத்தைப் பார்த்தால் தெரியும்.

முள் தேவையா? நுவரெலியாவில் விழுந்ததால் முள் வேண்டும் என்று மனம் சொல்லும். நீங்கள் விழுந்தது தேய்ந்த ஓட்டச் சப்பாத்தோடு. முள்ளில்லாத கோல்ஃப் சப்பாத்தின் அடியில் ரப்பர் குமிழ்கள் நெருக்கமாக இருக்கும், புல்லை நன்றாகவே பிடிக்கும். ஈரமான சரிவில் முள் ஒரு படி மேல்தான், மறுக்கவில்லை. கொழும்பு றோயல் கோல்ஃப் கழகத்தின் திடல் போல மட்டமான நிலத்தில் குமிழ் போதும். (களனிவெளி ரயில் பாதை குறுக்கே ஓடும் திடல் அது, ரயிலைப் பார்த்துக்கொண்டு அடித்தால் பந்து எங்கே போகும் என்று சொல்ல முடியாது.) இப்போது பாவிக்கிற முள் பிளாஸ்டிக் முள், புல்லைக் கெடுக்கும் இரும்பு முள்ளைப் பல கழகங்கள் உள்ளே விடுவதில்லை. பிளாஸ்டிக் முள் தேய்ந்தால் திருகிக் கழற்றி மாற்றலாம், ஆனால் எல்லா முள்ளும் எல்லாச் சப்பாத்துக்கும் பொருந்தாது, மாற்று முள்ளுக்கும் கொழும்புக்குத்தான் ஓட வேண்டும். குமிழ் தேய்ந்தால் மாற்ற வழியே இல்லை. அதனால் அந்தச் சோடியைத் தார் றோட்டில் போட்டு நடக்கவேண்டாம். திடலுக்குப் போய் மாற்றிக்கொள்ளுங்கள்.

கொப்புளத்துக்கு வருவோம், இங்கே காசை விட அளவுதான் பேசும். சின்ன வயதிலிருந்து செருப்போடு நடந்த கால் நம்முடையது, முன்பக்கம் அகன்றிருக்கும். வெளிநாட்டுச் சப்பாத்துகள் பல ஒடுக்கம். நீளம் சரியென்று வாங்கிவிட்டு, அகலம் போதாமல் சின்னவிரல் நசிவதுதான் வழக்கம். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு கடைக்குப் போங்கள், அதற்குள் கால் வீங்கி உண்மையான அளவுக்கு வந்திருக்கும். விளையாடும்போது போடுகிற சொக்ஸைக் கொண்டுபோய் அதோடு போட்டுப் பாருங்கள். நிற்கும்போது பெருவிரலுக்கு முன்னால் அரை அங்குலம் இடம் வேண்டும், குதி மேலே எழும்பக்கூடாது. பிறகு மட்டையை வீசுவது போல உடம்பைத் திருப்புங்கள். கால் உள்ளே வழுக்கினால் அந்தச் சோடி வேண்டாம். கடைக்காரப் பெடியன் சிரித்தால் சிரிக்கட்டும். "போடப் போட இளகும்" என்று அவன் சொல்வான். தோல் கொஞ்சம் இளகும், செயற்கைத் தோல் இளகாது.

மாமா விஷயம். கனடாவில் பனிக்காலம் வரமுன் கோல்ஃப் சாமான்களை மலிவாகத் தள்ளிவிடுவார்கள், அது உண்மை. ஆனால் மாமா அந்த மலிவுக்கு முன்பே வரும் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவர் என்றால், போன வருடம் வாங்கி வைத்ததைத்தான் கொண்டுவருவார். அங்கே அளவு அமெரிக்கக் கணக்கு. ஆண்களுக்கு இங்கே 8 என்றால் அங்கே ஏறக்குறைய 9. விமானத்தில் வந்த சப்பாத்து இறுக்கினால் மாற்றவும் முடியாது. மாமா காசு வாங்க மாட்டார், நீங்களும் இறுக்குகிறது என்று சொல்ல மாட்டீர்கள். எனக்கென்றால் மாமாவிடம் சொக்ஸும் பந்தும் கேட்பேன்.

சரி, தவணை. வட்டியில்லாத் தவணை என்றால் மாதம் 6,000 ரூபா, பன்னிரண்டு மாதம். வாங்குமுன் சேவைக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். ஒரு மாதம் கட்டணத்தைத் தவறவிட்டால் என்ன நடக்கும் என்பதை நிபந்தனையில் தேடி வாசியுங்கள். கடனட்டை வட்டி வருடத்துக்கு 20 வீதத்துக்கு மேல், அது வந்து ஏறினால் கணக்கு மாறிவிடும். தோல் சோடி வேண்டாம் என்றால் இந்தத் தலையிடியும் இல்லை.

இப்போது சங்கிலி. "ஒன்று மட்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள், வட்டி கட்டி வருவதாகவும். வட்டி மட்டும் கட்டினால் முதல் அப்படியே கிடக்கும். ஒரு பக்கம் அடகுக்கு வட்டி ஓடுகிறது, மறுபக்கம் வட்டியில்லாத் தவணை என்று 72,000 ரூபாவுக்கு ஒப்பந்தம் எழுதப் போகிறீர்கள். மாதம் 6,000 எடுத்து வைக்க உங்களால் முடியும் என்று நீங்களே எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள், அதுதான் இந்தக் கடிதத்தில் எனக்குப் பிடித்த இடம்.

சேமிப்பிலிருந்து 24,000 எடுத்து, கால் ஒத்துக்கொண்டால் அந்த முள்ளில்லாத சோடியை வாங்குங்கள். அவசரத்துக்கு 66,000 மிஞ்சும். பெரிய தொகையில்லை, ஆனாலும் இருக்கிறது. பிறகு அந்த மாதம் 6,000ஐ அடகு வைத்த இடத்தில் முதலுக்குக் கட்டுங்கள். பகுதி பகுதியாக முதல் கட்ட விடுவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். விடாவிட்டால் தனிக் கணக்கில் சேர்த்துவிட்டு ஒரேயடியாகக் கட்டலாம். ஒரு வருடத்தில் 72,000 ரூபா கடன் இறங்கியிருக்கும்.

இன்னொன்று. நிறுவனத்துக்காகத்தானே போகிறீர்கள்? திடல் கட்டணம், மட்டை வாடகை, கொழும்புக்குப் போய்வரும் செலவு யாருடையது என்று கணக்குப் பிரிவில் கேட்டுவிடுங்கள். அது உங்கள் தலையில் விழுந்தால் சப்பாத்தின் விலை அதற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை, ஆறு தடவையை மூன்றாகக் குறைக்க வேண்டியிருக்கும்.

விளையாடி முடிந்ததும் உள்ளே பத்திரிகைக் கடதாசியைத் திணித்து நிழலில் காயவிடுங்கள். மதிலில் வெயிலுக்கு வைப்பதும் காரின் டிக்கியில் விட்டுவிடுவதும் சோலுக்கும் பசைக்கும் நல்லதில்லை. இரண்டு கிழமைக்கு ஒரு தடவை வீட்டு முற்றத்துப் புல்லில் போட்டு நடந்தாலும் நல்லது.

அடகுச் சீட்டை எடுத்து மீட்புத் திகதியையும் வட்டி வீதத்தையும் பாருங்கள். இரண்டையும் எனக்கு எழுதினால், எத்தனையாம் மாதத்தில் சங்கிலி வீட்டுக்கு வரும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன். மனைவிக்கு இந்தக் கடிதத்தைக் காட்டினீர்களா?